பெரிய எழுத்து வேதாகமம்

1

இன்றோடு முப்பத்தெட்டு நாட்கள். இன்னும் மூன்று நாட்கள் இருக்கின்றன.

முப்பத்தெட்டு நாட்களாக ஒரு விஷயத்தை வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறேன். ஒரு வீட்டுக்குப் போய், ஒரு அம்மாவிடம், ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை. அதனால் கதை எழுத உட்கார்ந்தேன். இந்தக் கதை பிறந்தது இப்படித்தான். பெருமைப்பட ஒன்றுமில்லை.

தண்ணீரைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. புட்டிகள் பேசாது, அதனால் அந்த வேலை எனக்குப் பிடிக்கும். வாரத்தில் இரண்டு நாள் காலையில் மட்டும் ஒரு வீட்டுக்குப் போய் இரண்டு பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் பள்ளிக்கூடம் போவதில்லை. சமையலறையை ஒட்டிய மேசைதான் பள்ளிக்கூடம். அம்மாதான் டீச்சர், ஹெட்மிஸ்ட்ரஸ், மணி அடிப்பவர். சபையில் எனக்கு முன்வரிசையில் உட்காரும் குடும்பம். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து அந்த அம்மா திரும்பி, "நீ சயின்ஸ் படிச்ச பொண்ணுதானே?" என்று கேட்டாள். தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலில் மாட்டியதுதான்.

2

தொடக்கங்கள்.

"அந்த வீட்டில் சூரியன் உதிக்கும் முன்பே ஜெபம் உதித்துவிடும்."

(அடித்துவிட்டேன். அந்த வீட்டில் சூரியன் உதிக்கும்போது வாஷிங் மெஷின்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஜெபம் ஏழரைக்கு.)

"ஏழு வருடங்களுக்கு முன் மருந்துக்கடை வேலையை விட்ட அன்று, அம்மாவின் மனதில்—"

(விட்டுவிட்டேன். அவள் மனதில் என்ன இருந்தது என்று நான் கேட்டதில்லை. மருந்துக்கடையில் அவளால் வாசிக்க முடியாத டாக்டர் கையெழுத்தே இல்லை என்று மட்டும் அவள் கணவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.)

"அம்மா ஒரு தட்டை இரண்டு முறை துடைத்தாள்."

இது பரவாயில்லை. இதிலிருந்து போகிறேன்.

அம்மா ஒரு தட்டை இரண்டு முறை துடைத்தாள். இரண்டாம் முறை துடைத்தது தெரியாமல் அடுக்கில் வைத்தாள். வாஷிங் மெஷினின் அடியிலிருந்து வழக்கம்போல் தண்ணீர் கசிந்து வந்தது. பழைய துண்டு ஒன்றைக் காலால் தள்ளி அதன் முன்னால் அணைபோட்டாள். அவளுக்கு இன்று கணக்கில் பின்னமும், வரலாற்றில் ஒரு போரும், மதியத்துக்குள் இரண்டு வாளித் துணியும் பாக்கி.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். சட்டைப்பையில் டெஸ்டர் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது.

"இன்னிக்கு மூணு லிஃப்ட். ஒண்ணு ஏறாது, ஒண்ணு எறங்காது, இன்னொண்ணு நடுவுல நின்னுக்கிட்டு யோசிக்குது" என்றார்.

"மூணாவது அப்பா மாதிரி" என்றான் மகன். பதிமூன்று வயது. எதற்கும் தீர்ப்பு சொல்வதால் வீட்டில் அவனுக்கு நீதிபதி என்று பெயர்.

"ஐயா நீதிபதி, கோர்ட் எட்டு மணிக்குத்தான். இப்போ தட்டை எடுத்து வைங்க" என்றாள் அம்மா.

"ரேடியோ வைக்கட்டும். அவ நேத்தும் வைக்கல."

ரேடியோ என்பது மகள். ஒன்பது வயது. எதைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்வாள். கீழ்வீட்டுப் பெண்மணி ஒரு நாள் படியில் நிறுத்தி, "என்னம்மா, உங்க வீட்டுல வருஷம் பூரா லீவா?" என்று கேட்டதையும், அதற்கு அம்மா, "ஆமாங்க, ஹெட்மிஸ்ட்ரஸுக்கு மட்டும்தான் லீவே கெடையாது" என்று சொன்னதையும் இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினாள், இருமல் உட்பட.

பிள்ளைகளை ஏன் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் அம்மாவின் பதில் ஒன்றுதான்: "நாளோட முதல் வார்த்தை தேவனோடதா இருக்கணும். ரெண்டாவது எங்களோடதா இருக்கணும். மூணாவதுல இருந்து உலகம் பேசிக்கட்டும், வேண்டாங்கல."

இதைச் சொல்லும்போது அவள் குரலை உயர்த்துவதில்லை. நம்புகிற விஷயத்தைச் சொல்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

3

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தை விளக்க வேண்டும். கதை இதில்தான் நிற்கிறது.

ஏழு மணிக்கு அம்மா ஃபோனை ஜன்னல் ஓரம் சாய்த்துவைத்து, அன்றைய வேத அதிகாரத்தை ஒலிக்கவிடுவாள். யாரோ ஒருவர் நிதானமான குரலில் வாசிப்பார். பழைய மொழிபெயர்ப்பு. அதைக் கேட்டுக்கொண்டே ரேடியோ தட்டு வைப்பாள், தண்ணீர் ஊற்றுவாள். ஏழரைக்கு எல்லோரும் உட்கார்ந்து, அதே அதிகாரத்தை ஆளுக்கு நான்கு வசனமாகச் சத்தமாக வாசிப்பார்கள். முதலில் அப்பா, அடுத்து அம்மா, அடுத்து நீதிபதி, கடைசியில் ரேடியோ.

முதலில் கேட்பது, பிறகு வாசிப்பது. இரண்டு வருடங்களாக இந்தப் பழக்கம்.

ரேடியோ வாசிக்கும்போது ஆள்காட்டி விரலை வரியின்மேல் நகர்த்துவாள். கணீரென்ற குரல். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவாள். அப்பாவுக்கு அந்த நான்கு வசனம்தான் நாளின் சிறந்த நேரம். அதைக் கேட்டுவிட்டுத்தான் டூல்பாக்ஸைத் தூக்குவார்.*

* இது ஊகம் இல்லை. அவரே சொன்னார்.

4

முப்பத்தெட்டு நாட்களுக்கு முன்னால், ஆய்வுக்கூடத்தில் மதியம் வேலை அதிகம் என்பதால், நான் சீக்கிரம் போய்விட்டேன். ஏழேகால். "உட்காரும்மா, டீ குடி, ஜெபம் முடிஞ்சதும் கிளாஸ்" என்றாள் அம்மா. ரேடியோவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னிடம் வேதாகமம் இல்லை. ரேடியோ தன்னுடையதை நடுவில் நகர்த்திவைத்தாள்.

அது புதியது. முந்தின வாரம்தான் அம்மா வாங்கியிருந்தாள். பெரிய எழுத்து. கடையில் பெரிய எழுத்து என்று கேட்டு வாங்கியிருக்கிறாள், வேறெதையும் கவனிக்கவில்லை. அது புதிய மொழிபெயர்ப்பு.

மற்ற மூவரிடமும் இருந்தவை பழைய மொழிபெயர்ப்பு.

அப்பா வாசித்தார். அம்மா வாசித்தாள். நீதிபதி, கேட்காமலேயே ஐந்தாவது வசனத்தையும் வாசித்துவிட்டு நிறுத்தினான். ரேடியோ விரலை வைத்தாள். அவள் விரல் ஒரு சொல்லின்மேல் நின்றது. அச்சில் 'மகிழ்ச்சி' என்று இருந்தது. ரேடியோ 'கெம்பீரம்' என்றாள்.

அடுத்த வரியிலும் அப்படித்தான். அதற்கடுத்த வரியில், அச்சில் ஒன்பது சொற்கள்; அவள் சொன்னது பதினான்கு. விரல் வரியின் முடிவுக்கு வந்து, மிச்சச் சொற்களுக்காகக் காத்து நின்றது.

மேசையில் இருந்த மற்ற மூவரும் தங்கள் தங்கள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்த அச்சும் அவள் சொன்னதும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தன. அவளுடைய புத்தகத்தைப் பார்த்தது நான் மட்டும்தான்.

அவள் வாசிக்கவில்லை. அரை மணி நேரத்துக்கு முன் ஜன்னல் ஓரம் கேட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.* "டீ ஆறுது, குடிம்மா" என்றாள்.

* சிரித்தாள் என்று எழுதியிருக்கிறேன். நிமிர்ந்ததையும் டீயைப் பற்றிச் சொன்னதையும் மட்டும்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

5

முதல் வரைவில் நான் இல்லை. அறிவியல் டீச்சர் என்ற கதாபாத்திரத்தை எடுத்துவிட்டு, அந்த நாற்காலியில் ஒரு சித்தியை உட்காரவைத்துப் பார்த்தேன். சித்தி உடனே, "ஏண்டி, புக்குல ஒண்ணு இருக்கு, நீ ஒண்ணு சொல்ற?" என்று கேட்டுவிட்டாள். கதை ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. ஆகவே கதைக்கு வாய் திறக்காத ஒருத்தி தேவைப்பட்டது. அதற்கு என்னை விட்டால் ஆள் கிடையாது.

அந்தப் பிள்ளைகளுக்கு நான் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். நோட்டின் நடுவில் ஒரு கோடு போட வேண்டும். இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் ஊகித்தது. விதை முளைத்தது என்பது இடது. தண்ணீர் ஊற்றியதால் முளைத்தது என்பது வலது. ஊற்றாத இன்னொரு விதையை வைத்துப் பார்க்கும்வரை அது வலதுதான்.

நீதிபதிக்கு இது பிடித்துப்போயிற்று. "அப்பாவுக்குக் கோபம் வந்துச்சு, இது வலது. அப்பா மூஞ்சி செவந்துச்சு, இது இடது" என்றான்.

ரேடியோவின் நோட்டில் இரண்டு பக்கமும் படங்கள். இடது பக்கம் முளைத்த விதை, ஒவ்வொரு வேரும் தனித்தனியாக. வலது பக்கம் அதே விதை, கேள்விக்குறி போல வளைந்து. அழகாக வரைவாள். ஒரு சொல் கிடையாது. வரைவதில் ஆர்வம் என்று நான் வலது பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் இருந்தது. ஒரு நாள் நீதிபதிக்குக் காய்ச்சல். அடுத்த முறை அப்பா லீவில் இருந்தார். அதற்கடுத்த முறை அம்மா, "உன்னை மாதிரி ஒருத்தி கெடைச்சது தேவ கிருபைதான்" என்றாள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? அப்புறம் நாட்கள் சேர்ந்துவிட்டன. பத்து நாள் கழித்துச் சொன்னால் பத்து நாள் ஏன் சொல்லவில்லை என்றும் சொல்ல வேண்டும்.

இப்போது முப்பத்தெட்டு.

6

மூன்று நாளில் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வருகிறார். வருடத்துக்கு ஒரு முறை வருவார். வருகைப் பதிவேட்டில் நூற்றெண்பது நாள் இருக்கிறதா என்று பார்ப்பார், நோட்டுகளைப் புரட்டுவார், போய்விடுவார். ஆனால் பிள்ளைக்கு ஒன்பது வயது ஆனால் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார். இதுவரை பார்த்திராத தாள். ரேடியோவுக்கு ஒன்பது ஆகிவிட்டது. வாசிக்காவிட்டால் வீட்டிலேயே படிக்கவைக்கும் அனுமதி புதுப்பிக்கப்படாது. இரண்டு பிள்ளைகளும் அடுத்த பருவத்தில் பள்ளிக்கூடம் போக வேண்டும். அம்மாவின் ஏழு வருடம் அந்தத் தாளின்மேல் நிற்கிறது.

இது அம்மாவுக்குத் தெரியும். மகளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதுதான் தெரியாது. கதையில் அவளை நான் அப்படித்தான் எழுதுகிறேன்:

அம்மா மகளை நம்பினாள். போன வருடம் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். ஆனாலும் பெரிய எழுத்துப் புத்தகம் வாங்கினாள், கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று. கணக்குக் கேள்விகளை எப்போதும் தானே சத்தமாக வாசித்தாள், இரண்டு பிள்ளைகள் காதிலும் விழட்டும் என்று. அறிவியல் டீச்சரிடம்கூட முதல் வாரத்திலேயே சொல்லிவைத்தாள்: "அவகிட்ட தாளைக் குடுக்காதேம்மா. வாயால கேளு. பேசிப் பழகட்டும்."

"சரிக்கா" என்றாள் டீச்சர்.

நல்ல முறை என்று டீச்சர் நினைத்தாள்.

(இந்தப் பகுதியை எழுதி முடித்து மறுபடி வாசித்தபோது எங்கோ உறுத்தியது. சந்திப்பிழையாக இருக்கும் என்று இரண்டு ஒற்றைச் சேர்த்தேன்.)

7

முடிவுகள்.

முதல் முடிவு. அதிகாரி தாளை அலுவலகத்திலேயே மறந்துவிட்டு வருகிறார். "ஏதாவது ஒண்ணை வாசிம்மா" என்கிறார். ரேடியோ அன்றைய அதிகாரத்தை எடுத்து, விரலை வைத்து, கணீரென்று சொல்கிறாள். அதிகாரி கையெழுத்துப் போடுகிறார். எல்லோருக்கும் சந்தோஷம். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பத்து வயது ஆகிறது, பதினொன்று ஆகிறது.

இரண்டாம் முடிவு. நாளைக்கே டீச்சர் அந்த வீட்டுக்குப் போகிறாள். சமையலறையில் அம்மாவைத் தனியாகப் பிடித்துச் சொல்கிறாள். அம்மா அழுகிறாள். இருவரும் கட்டிக்கொள்கிறார்கள்.

(இல்லை. அந்த அம்மா யார் முன்னாலும் அழுது நான் பார்த்ததில்லை. நான் யாரையும் கட்டிக்கொண்டதில்லை. இந்த முடிவில் இருப்பது வேறு இரண்டு பேர்.)

மூன்றாம் முடிவு. டீச்சர் இந்தக் கதையை அச்செடுத்து, உறையில் போட்டு, அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிடுகிறாள்.

இதுதான் என்னால் முடியும் என்று தோன்றுகிறது.

8

நாற்பத்தோராம் நாள்.

என் பையில் மேலே உள்ள ஏழு பகுதிகளும் இருந்தன. அதிகாரி ஒன்பது மணிக்கு வருவார், நான் எட்டரைக்குப் போய்க் கொடுத்துவிடுவதாகத் திட்டம். நாற்பது நாள் சும்மா இருந்துவிட்டு அரை மணி நேரம் முன்னால். எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் போனேன்.

கதவைத் திறந்ததும் அம்மா, "நல்ல வேளை வந்தே, இந்த வாளியைப் பிடி" என்றாள். வாஷிங் மெஷின் அன்றைக்கென்று பார்த்து அணையை உடைத்திருந்தது. கூடம் வரைக்கும் தண்ணீர். அவள் துடைத்துப் பிழிய, நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உறை பைக்குள், பை தோளில்.

"அக்கா" என்றேன்.

"சொல்லும்மா."

"வாளி நெறஞ்சிருச்சு."

"போய் ஊத்திட்டு வா."

திரும்பி வந்தபோது அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெறும் வயது. ஜலதோஷம். கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினார்.

"இருநூத்திப் பன்னெண்டு நாளா? நூத்தியெண்பது போதுமேம்மா."

"லீவு விட்டா ரெண்டு பேரும் வீட்டைத் தலைகீழாக்கிடறாங்க மேடம்" என்றாள் அம்மா.

அதிகாரி சிரித்தார். நீதிபதியின் கணக்கு நோட்டைப் பார்த்தார். அறிவியல் நோட்டில் ரேடியோவின் விதையைச் சற்று அதிக நேரம் பார்த்தார். பிறகு கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மறக்கவில்லை. பதினைந்து வரி இருக்கும்.

"எங்கே, இதை வாசிச்சுக் காட்டு பார்ப்போம்."

ரேடியோ தாளை வாங்கி மேசையில் விரித்து நேராக்கினாள். விரலை முதல் வரியில் வைத்தாள். நகர்த்தினாள். வரியின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தாள். பிறகு நிமிர்ந்து, மரியாதையாகக் கேட்டாள்:

"மேடம், நீங்க ஒரு தடவை வாசிங்க. அப்புறம் நான் வாசிக்கிறேன்."

அப்பா சிரித்துவிட்டார். இதற்காகவே மூன்று லிஃப்ட்டைத் தள்ளிவைத்துவிட்டு வீட்டில் இருந்தார்.

"நான் வாசிச்சுட்டா அப்புறம் உனக்கு என்ன வேலை?" என்றார் அதிகாரி.

"நானும் வாசிப்பேன். நல்லா வாசிப்பேன்."

"நீயே ஆரம்பி."

ரேடியோ தாளைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். ஃபோன் அங்கே சாய்ந்திருந்தது, சத்தமில்லாமல்.

"வெக்கம் மேடம்" என்றார் அப்பா. "புது ஆளுங்கன்னா இப்படித்தான். காலையில நீங்க கேக்கணும், அப்படியே கணீர்னு வாசிப்பா. டேய், அவ வேதாகமத்தைக் கொண்டா. இன்னிக்கு வாசிச்ச அதிகாரத்தையே காட்டட்டும். அது போதும்ல மேடம்?"

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எதுவா இருந்தா என்ன, வாசிச்சாச் சரி" என்றார்.

என் முதல் முடிவு நடந்துகொண்டிருந்தது. நான் எழுதியதைவிட எளிதாக.

நீதிபதி பெரிய எழுத்துப் புத்தகத்தைக் கொண்டுவந்தான். அம்மா கையை நீட்டி அதை வாங்கினாள். குறிநாடா அன்றைய அதிகாரத்தில் இருந்தது. நாடாவைப் பிடித்துத் திறந்து மகள் முன்னால் வைத்தால் போதும்.

அதிகாரி அன்று கடைசியில் என்ன எழுதிவிட்டுப் போனார் என்பது எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. அவர் பேனா உங்களிடம் இருக்கட்டும். நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன எழுதியிருப்பீர்களோ, அதுதான் முடிவு. என் பையில் இருந்த ஏழு பகுதிகளிலும் அந்த அம்மாவின் மனதுக்குள் புகுந்து நான் எழுதியதெல்லாம் வலது பக்கம். ஒன்றையும் திருத்தவில்லை. இனி இடது பக்கம் மட்டும்.

அம்மா புத்தகத்தைத் திறக்கவில்லை. மடியில் வைத்து அதன்மேல் கையை வைத்தாள். துணி பிழிந்த ஈரம் அட்டையில் ஐந்து விரலாகப் பதிந்தது. இன்னொரு கையால் மகளைத் தன் நாற்காலிப் பக்கம் இழுத்துக்கொண்டாள். முதலில் என்னைப் பார்த்தாள். நாற்பத்தொரு நாளுக்கு முன் மேசைக்கு எதிரிலிருந்து பார்த்த அதே பார்வை. அதில் சிரிப்பு இல்லை. பிறகு கணவரைப் பார்த்தாள். பிறகு அதிகாரியைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"மேடம், இவளுக்கு வாசிக்க வராது. எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்."